மாடகம் முதல் மடக்குப்பிடி வரை

ஒரு நரம்புக் கருவியைப் பற்றிப் பேசுவோர் அதன் குடத்தைப் புகழ்வர். தண்டியின் வேலைப்பாட்டை வியப்பர். மீட்டும் விரலைப் போற்றுவர். அந்த நரம்பை இழுத்துப் பிடித்து நிற்கும் முறுக்காணியைப் பற்றி ஒரு சொல் சொல்வார் அரியர். ஆயினும் முறுக்காணி ஒரு மயிரிழை நழுவுமாயின், குடமும் தண்டியும் விரலும் ஒன்றுகூடியும் பயனில்லை. பெரிய காரியங்கள் சிறிய ஆணிகளின்மேல் நிற்கின்றன என்பதை இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சிற்றாணியின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரைப் படிக்கும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். இவ்வரலாறு யாழில் தொடங்கி, வீணை, பிடில் ஆகியவற்றின் வழியே நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கு வந்து, கடல் கடந்து, கிதாரில் அமைந்த ஒரு விந்தையான மடக்குப்பிடி வரை செல்வது. அதன் முடிவோ நம் இல்லங்களில் உறையிட்டு உறங்கும் வீணைகளைப் பொறுத்தது.

யாழும் மாடகமும்

பழந்தமிழர் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக எடுத்து உவமை கூறி விளக்குகின்றது. சிலப்பதிகாரத்தின் கானல்வரித் தொடக்கத்தில், யாழ் கோவலன் கைக்குச் செல்லுமுன், மாதவி அதனை வாங்கிப் பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் நான்கும் குற்றமற்றவையா என நோக்குகின்றாள். நரம்போடு ஒப்ப வைத்து ஆணியையும் சோதித்த அக்கவனத்தை நாம் மறத்தலாகாது.

யாழின் நரம்பைத் தண்டோடு இறுக்கிய வார்க்கட்டுக்குத் 'திவவு' என்பது பெயர். நரம்பை வலிக்கும் கருவிக்கு, அதாவது முறுக்காணிக்கு, 'மாடகம்' என்பது பெயர். இன்று மாடகம் என்ற சொல்லை அறிந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? கருவி மறைந்தது, கருவியோடு அதன் உறுப்பின் பெயரும் வழக்கிறந்தது. மறைந்த யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் இயற்றிய 'யாழ் நூல்' 1947-ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளும் மறைந்தார். ஒரு கருவியை வாசிப்பார் இல்லாமற்போன பின்னர் அதனை நூலில் மீட்பதற்கு எத்துணைப் பெரிய உழைப்பு வேண்டும் என்பதற்கு அந்நூலே சான்று.

யாழுக்கு உறவான வில்வடிவக் கருவி ஒன்று பர்மா நாட்டில் இன்றும் வாழ்கின்றது. 'சௌங்' எனப்படும் அதில், நரம்புகளைத் தண்டில் கயிற்றுக் கட்டுகளாற் பிணித்து, அக்கட்டுகளை முறுக்கியும் நகர்த்தியுமே பண்டு சுருதி சேர்த்தனர். அண்மைக் காலத்தில் அவ்விடத்தில் முறுக்காணிகளும், கிதாருக்குரிய பற்சக்கர ஆணிகளும் வந்து சேர்ந்தன. ஒரு பழங்கருவி தன் கட்டை மாற்றிக்கொண்டும் வாழ்கின்றது. மற்றொரு பழங்கருவி பெயரளவில் நிற்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீணையின் பிரடை

இன்று நாம் காணும் வீணை பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பர். பலாமரத்தில் குடைந்த குடம், யாளி முகம், மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள், ஏழு தந்திகள் என்பன அதன் அமைப்பு. ஏழனுள் நான்கு மெட்டுகளின் மேற்செல்லும் வாசிப்புத் தந்திகள். மூன்று பக்கத்தே அமைந்த தாளத் தந்திகள். ஏழு தந்திக்கும் ஏழு பிரடைகள். தஞ்சாவூர் வீணை 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது.

பிரடை என்பது ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த மரமுளையேயன்றி வேறில்லை. அதனைத் துளைக்குள் அழுத்தித் திருகுகின்றோம். மரத்திற்கும் மரத்திற்கும் உள்ள உராய்வே தந்தியின் இழுவிசையைத் தாங்குகின்றது. பிரடையை ஒரு சுற்றுச் சுற்றினால் தந்தியும் ஒரு சுற்றுச் சுற்றும்; இடையே எந்த உதவியும் இல்லை. ஆகவே மிக நுண்ணிய மாற்றம் வேண்டின், கையும் மிக நுண்ணியதாகவே அசைதல் வேண்டும். அழுத்திக்கொண்டே திருகுதலும், திருகிக்கொண்டே செவிகொடுத்தலும், மற்றொரு கையால் மீட்டுதலும் ஒருங்கே நிகழ வேண்டும். பத்து வயதுக் குழந்தையின் கைக்கு இஃது எளிதன்று.

நம் தச்சர்கள் இதனை அறியாதவரல்லர். பிரடையால் வருவது பருமட்டான சுருதி என்று கண்டே, தந்தியின் மறுமுனையில் நாகபாசத்தின் அருகே சிறு வளையங்களை அமைத்தனர். அவ்வளையங்களை விரலால் முன்னும் பின்னும் தள்ளினால் சுருதி மயிரிழை அளவில் ஏறும், இறங்கும். தம்புராவில் குதிரைக்குக் கீழே உள்ள மணிகளும் இதே பணியைச் செய்வன. ஆகவே, முரட்டு வேலைக்கு ஓர் ஆணி, நுண்வேலைக்கு ஒரு துணைக்கருவி என்னும் எண்ணம் நமக்குப் புதியதும் அன்று. அயலாரிடம் கடன் பெற்றதும் அன்று.

ஆயினும் பிரடைக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று வானிலை. மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் இளைக்கும். பருத்தால் பிரடை அசையாது, இளைத்தால் நில்லாது. இடவப்பாதி மழையும் துலாவருட மழையுமாக ஆண்டுக்கு இருமுறை நனையும் திருவனந்தபுரத்தில், வீணை வைத்திருப்போர் இவ்விரு துன்பங்களையும் மாறி மாறி அனுபவிக்கின்றனர். நழுவும் பிரடைக்குச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுதல் நம் வீடுகளில் வழிவழி வந்த மருத்துவம். மற்றொரு பகை நம் இசையின் இயல்பே ஆகும். வீணையில் கமகம் பிடிக்கத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கின்றோம். ஒவ்வோர் இழுப்பும் பிரடையைத் தளர்த்தப் பார்க்கின்றது. எந்த அழகினால் வீணை வீணையாகின்றதோ, அதே அழகு அதன் சுருதியைக் கலைக்கவும் முயல்கின்றது.

திருவனந்தபுரத்திற்கு வந்தவர்கள்

நாம் குடிபுகுந்த இந்நகரம் நரம்புக் கருவிகளின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) காலத்தில், தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இவ்வரசவையோடு தொடர்பு கொண்டனர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கராகிய வடிவேலு, அந்நாளில் தென்னாட்டு இசைக்குப் புதியதாயிருந்த பிடிலில் வல்லவர். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு முறையில் அதனைக் கற்று நம் இசைக்கு ஏற்றதாக்கியவர். அக்கருவியின் பெருமையை உணர்ந்த சுவாதித் திருநாள், 1834-ஆம் ஆண்டு தந்தத்தாலான பிடில் ஒன்றை வடிவேலுவுக்குப் பரிசளித்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். பிடில் நம் நாட்டுக் கருவியன்று. அதன் முளை, வில், பிடிக்கும் முறை யாவும் பிறநாட்டின. ஆனால் அதனை மறுத்தொதுக்கிய வித்துவான்களின் பெயர் இன்று எவர்க்கும் நினைவில்லை. ஏற்றவர்களின் பெயரே நிற்கின்றது. பிறநாட்டுக் கருவியைத் தமிழர் ஒருவர் கையில் ஏந்தி, தமிழகத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்து, அரசரின் சிறப்பைப் பெற்றார். பிழைப்பை நாடி இங்கு வந்த நமக்கெல்லாம் அவர் முன்னோர் அல்லரோ?

அவ்வழக்கம் பிற்காலத்தும் தொடர்ந்தது. 1939-ஆம் ஆண்டு இந்நகரில் நிறுவப்பெற்ற சுவாதித் திருநாள் இசைப்பள்ளிக்கு முதல் தலைவராயிருந்தவர் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945). அவர்க்குப்பின் பொறுப்பேற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003). செம்மங்குடிக்குப் பின் வந்தவர் வீணை வித்துவான் கே. எஸ். நாராயணசுவாமி (1914–1999). பாலக்காட்டுக் கொடுவாயூரில் பிறந்த இவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளையிடம் பயின்றவர். 1979-ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்றவர். வடிவேலு இந்நகர்க்குக் கொணர்ந்த கலையின் ஓர் இழை, தஞ்சைக்குத் திரும்பி, நூறாண்டு கழித்து நாராயணசுவாமியின் வீணைத் தந்தி வழியே மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது எனலாம்.

அரசு அலுவல் பார்ப்பவர்க்கு இசை எட்டாக்கனி என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். இந்நகரில் வாழ்ந்த இலட்சுமணப் பிள்ளை (1864–1950) திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்துக்கொண்டே தமிழில் கீர்த்தனைகள் இயற்றியவர். பகற்பொழுது கோப்புகளுக்கு, மாலைப்பொழுது இசைக்கு என்று வகுத்துக்கொண்டோர் நமக்கு முன்னும் இருந்திருக்கின்றனர்.

ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவி இங்கு எழுந்தருள, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி நடைபெறுகின்றது. அங்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. அந்த அமைதியில் ஒரு தந்தி சிறிது இறங்கினாலும் அவை முழுதும் அறியும். நெடுங்காலம் பெண்டிர் பாடாதிருந்த அம்மண்டபத்தில் 2006-ஆம் ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் பாடினார். மரபைக் காத்தல் என்பது எதனையும் மாற்றாதிருத்தல் அன்று. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று பகுத்தறிதலே என்பதற்கு நம் கண்முன் நிகழ்ந்த சான்று இது.

மேனாட்டில் பற்சக்கரம்

இனி, மேனாட்டார் முறுக்காணியை எவ்வாறு திருத்தினர் என்பதைக் காண்போம். அவர்களும் தொடக்கத்தில் மரமுளைகளையே கொண்டிருந்தனர். பெரிய கருவிகளின் தடித்த நரம்பை மரமுளையால் இழுத்து நிறுத்துதல் பெரும்பாடாக இருந்தது. 1778-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்துக் கருவித் தச்சர் கார்ல் லூட்விக் பாக்மன், 'டபிள் பாஸ்' என்னும் பெரும் பிடிலுக்கு உலோகப் பற்சக்கரங்களால் ஆன முறுக்குப் பொறியை அமைத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் நகரின் ஜான் பிரஸ்டன், அந்நாளைய ஆங்கிலக் கிதாருக்கு வேறொரு வழி கண்டார். தந்திகளைச் சிறு கொக்கிகளில் மாட்டி, அக்கொக்கிகளை இழுக்கும் திருகாணிகளைக் கடிகாரச் சாவியால் முறுக்கும்படி செய்தார். சட்டைப்பைக் கடிகாரத்திற்கு எந்தச் சாவியோ, இசைக்கருவிக்கும் அத்தகையதே! கடிகாரத் தொழிலின் நுட்பம் இசைக்கருவியினுள் இவ்வாறு புகுந்தது.

வியன்னா நகரத்து யோஹான் கியோர்க் ஷ்டாஃபர் (1778–1853), பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், கிதாரின் தலையில் ஆறு ஆணிகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பற்சக்கரங்களைத் தகட்டினுள் அடக்கினார். அவர்வழித் தொழில் பயின்ற மார்ட்டின் என்பார் 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கில் கிதார் செய்யத் தொடங்கினார். அவர் செய்த முதற் கருவிகளின் தலையும் ஷ்டாஃபர் முறையையே ஒத்திருந்தது. வடிவேலு தந்தப் பிடிலைப் பெற்றதற்கு முந்திய ஆண்டு அது. ஒரே காலத்தில் ஒரு குடியேறி தஞ்சைக் கலையைத் திருவனந்தபுரத்திலும், மற்றொரு குடியேறி வியன்னாக் கலையை நியூயார்க்கிலும் வளர்த்தனர். கலைகள் பெரும்பாலும் குடிபெயர்வோரின் மூட்டையில்தான் பயணம் செய்கின்றன.

பற்சக்கர ஆணியின் தத்துவம் எளியது. நாம் பிடித்துத் திருகும் காதின் மறுமுனையில் திருகுமரை உள்ளது. அம்மரை ஒரு பற்சக்கரத்தைக் கவ்வுகின்றது. காது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல்லளவே நகரும். சக்கரத்தில் 16 பற்கள் இருப்பின், காதைப் பதினாறு முறை சுற்றினால்தான் தந்தி சுற்றிய தண்டு ஒருமுறை சுற்றும். காதைக் கால் சுற்றுத் திருகினால், தண்டு 64-இல் ஒரு பங்கே அசையும். பிரடையில் எந்த நுண்மையைப் பெறப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டுமோ, அந்த நுண்மை இங்குக் குழந்தையின் கைக்கும் கிட்டுகின்றது.

இன்னொரு நன்மையும் உண்டு. மரை சக்கரத்தை நகர்த்தும். சக்கரம் மரையை நகர்த்தாது. ஆதலால் தந்தி எவ்வளவு இழுத்தாலும் ஆணி தானே பின்வாங்காது. இதற்கு உவமை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் இரயில் பாதைக் கடவுகளில் தடைக்கம்பத்தை ஏற்றி இறக்கும் கைப்பொறியைக் காண்மின்கள். கடவுக் காவலர் பிடியைப் பல சுற்றுச் சுற்றக் கம்பம் மெல்ல மெல்ல அசையும். ஓர் ஆள் தன் கையால் அசைக்க இயலாத கனத்தை அவர் ஒரு கையால் ஆள்கின்றார். சுற்று மிகுதி, விசை குறைவு. இதுவே பற்சக்கரத்தின் வாணிகம். கைகாட்டிக் கம்பிகளும் அவ்வாறே. வெயிலில் கம்பி நீளும். கைகாட்டி சரியாக இறங்காது. ஆதலால் கம்பியை வலித்துச் சரிசெய்யும் பொறி ஒன்றை அங்கே வைத்திருந்தனர். வெயிலில் நீண்டு சுருதி இறங்கும் எஃகுத் தந்திக்கும், தளர்ந்துபோன கைகாட்டிக் கம்பிக்கும் வேறுபாடு என்னை? முன்னதில் பிழை நேரின் செவி நோகும். பின்னதில் பிழை நேரின் உயிர் போகும்.

மடக்குப்பிடி

சுற்று மிகுதி என்றோம். அதில்தான் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. புதுத் தந்தி பூட்டும்போது, தண்டில் ஏறத்தாழ மூன்று சுற்றேனும் தந்தி சுற்றவேண்டும் எனக் கொள்வோம். பதினாறுக்கு ஒன்று என்ற கணக்கில், காதை நாற்பத்தெட்டு முறை திருகுதல் வேண்டும். கிதாருக்கு ஆறு தந்திகள். ஆக 288 சுற்று! காதோ சிறியது. அரைச்சுற்றுத் திருகிக் கையை எடுத்து மீண்டும் பிடித்தல் வேண்டும். நுண்மைக்காகக் கொடுத்த விலை இந்த உழைப்பு.

இதனைத் தீர்க்க அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தார் 1980-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தம் கிதார்கள் சிலவற்றில் ஒரு புதுமை செய்தனர். ஆணியின் காதினுள்ளேயே ஒரு சிறு கைப்பிடியை மடக்கி வைத்தனர். சாதாரணப் போதில் அது காதோடு காதாக அடங்கிக் கிடக்கும். புதுத் தந்தி பூட்டும்போது நகத்தால் நெம்பினால் வெளியே விரியும். அதனைப் பற்றி இராட்டினம்போல் கடகடவென்று சுற்றலாம். தந்தி இறுகியதும் மீண்டும் மடக்கிவிட்டு, காதைக் கொண்டு நுண்சுருதி சேர்க்கலாம். சுற்றின் எண்ணிக்கை குறையவில்லை. கையை எடுத்து எடுத்துப் பிடிக்கும் தொல்லையே நீங்கியது. ஒரே ஆணியில் விரைவுக்கு ஒரு பிடி, நுட்பத்திற்கு ஒரு பிடி! பிரடையும் வளையமுமாக நம் முன்னோர் இரண்டிடத்தில் அமைத்ததை, இவர்கள் ஓரிடத்தில் மடக்கி வைத்தனர்.

அம்மடக்குப்பிடி நெடுங்காலம் வழக்கில் நிலைக்கவில்லை. காதின்மேல் பொருத்திச் சுற்றும் தனிக் கைப்பிடி ஒன்று மலிவான விலையில் கடைகளில் கிடைக்கின்றது. ஒரு கைப்பிடி எல்லாக் கருவிக்கும் உதவும்போது, ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு பிடி எதற்கு என்று மக்கள் எண்ணினர் போலும். ஆயினும் அம்முயற்சியை நாம் எள்ளி நகையாடவில்லை. ஒரு சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்ளாமல் அதனைத் தீர்க்க முனைந்த மனத்தையே நாம் மதிக்கின்றோம். அம்மனம் நம்மிடத்தில் ஏன் குறைவாயிருக்கின்றது என்பதே நம் கவலை.

நம் வீணைகளுக்கு வருவோம்

நம் குடியிருப்பிலேயே நாம் அறிந்த ஓர் இல்லத்தில், பாட்டியார் காலத்து வீணை ஒன்று உண்டு. அவ்வம்மையார் இருந்தவரை நாள்தோறும் விளக்கேற்றியபின் அதனை வாசிப்பார். அவர் மறைந்தபின், சுருதி சேர்க்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. மழைக்காலத்தில் பிரடை இறுகிற்று. வலிந்து திருகியதில் ஒன்று முறிந்தது. வீணை உறைக்குள் சென்று சுவரோரம் நின்றது. பேர்த்தியோ பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் மின் கருவியைக் கற்கத் தொடங்கினாள். அதற்குச் சுருதி சேர்க்க வேண்டாமல்லவா? இவ்வாறு மூன்றாண்டு கழிந்தபின், விடுமுறையில் ஊர் சென்ற அக்குடும்பத்தார் வீணையையும் உடன் எடுத்துச் சென்று, ஏழு பிரடைகளையும் நீக்கிவிட்டுப் பற்சக்கர ஆணிகளைப் பொருத்தி வந்தனர். உறவினருள் முதியோர் சிலர் முகம் சுளித்தனர். யாளி முகத்தருகே பளபளக்கும் உலோகம் பொருந்தவில்லை என்றனர். அஃது உண்மையே, நமக்கும் அது கண்ணை உறுத்தத்தான் செய்தது. ஆனால் அப்பெண் இன்று தானே சுருதி சேர்த்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் வாசிக்கின்றாள். கண்ணை உறுத்தும் வீணை ஒலிக்கின்றது. அழகிய வீணை உறங்கியது. இவ்விரண்டில் எதனை நாம் விரும்புவது?

மறுப்போர் கூறும் காரணங்களை நாம் புறக்கணிக்கவில்லை. உலோக ஆணி எடை மிகுந்தது; தலைப்பாரம் கூடும். பொருத்துவதற்கு மரத்தில் புதிய துளை இடவேண்டும். பழைய வீணையில் இட்ட துளையை மீண்டும் மூடுதல் எளிதன்று. பிரடை முறிந்தால் உள்ளூர்த் தச்சர் கடைந்து தருவார். பற்சக்கரம் தேய்ந்தால் வேறு வாங்கித்தான் ஆகவேண்டும். இவை யாவும் மெய்யே. ஆதலால் தேர்ந்த வித்துவான் ஒருவர் கையில் நன்கு இயங்கும் பழைய வீணையை அவிழ்த்து மாற்றவேண்டும் என்று எவரும் சொல்லார். மேனாட்டில் பிடிலுக்கு மற்றொரு வழி கண்டுள்ளனர். பார்வைக்குப் பழைய முளைபோலவே இருக்கும். உள்ளே சிறு பற்சக்கரங்கள் மறைந்திருக்கும். நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று என்னும் அளவில் தந்தியை நகர்த்தும். நம் தஞ்சைத் தச்சர்களும் பொறியறிந்த நம் இளைஞர்களும் ஒன்றுகூடின், பிரடையின் வடிவம் கெடாமல் உள்ளே பற்சக்கரம் கொண்ட ஆணியை ஆக்குதல் ஆகாத காரியமா?

மாண்டலின் வித்துவான் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) பற்சக்கர ஆணி பூண்ட கருவியிலேயே நம் இராகங்களை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். ஆணி மேனாட்டது, இராகம் நம்முடையது. ஆணியினால் இராகத்தின் தூய்மை கெட்டது என்று கேட்டோர் எவரும் கூறினாரல்லர்.

ஆயினும் ஓர் எல்லையை நாம் வரையறுக்க விரும்புகின்றோம். கைக்குத் துணைசெய்யும் பொறி வேறு. செவிக்குப் பதிலாக நிற்கும் பொறி வேறு. பற்சக்கர ஆணி கைக்குத் துணை. சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதைச் செவியே தீர்மானிக்கின்றது. இன்று கைப்பேசியில் சுருதி காட்டும் செயலிகள் வந்துள்ளன. முள் நடுவே நின்றால் சுருதி சேர்ந்தது என்று குழந்தைகள் கற்றுக்கொள்கின்றனர். தொடக்கத்தில் அதுவும் உதவியே. ஆனால் முள்ளைப் பார்த்தே சுருதி சேர்த்த குழந்தைக்கு, பஞ்சமம் ஆதாரத்தோடு இழைந்து கரையும் அந்நொடியின் இன்பம் எப்போது விளங்கும்? கையின் உழைப்பைப் பொறிக்குக் கொடுக்கலாம். செவியின் உழைப்பை எவர்க்கும் கொடுத்தலாகாது. நம் பிள்ளைகள் முதலில் தம்புராவோடு செவியால் சேர்த்துப் பார்த்து, அதன்பின் வேண்டுமாயின் செயலியைக் கொண்டு சரிபார்த்தல் நலம்.

1904-இல் திருநெல்வேலிக்கும் கொல்லத்திற்கும் இடையே இருப்புப்பாதை முழுமையடைந்தது. 1918-இல் அது திருவனந்தபுரம் வந்தது. 1931-இல் தம்பானூர் நிலையம் எழுந்தது. 1979-இல் நாகர்கோவில் வழியே கன்னியாகுமரி வரை பாதை நீண்டது. ஒவ்வொரு பாதையும் நம்மவரை இங்குக் கொண்டுவந்தது. பெட்டி படுக்கையோடு வீணையையும் சுமந்து வந்தோர் நம்மில் உண்டு. மலையாள நாட்டில் வாழும் நாம், மொழியால் தமிழராகவும் பழக்கத்தால் இந்நாட்டினராகவும் வாழக் கற்றுள்ளோம். நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும், அடுக்களையில் தமிழும் பேசுகின்றனர். இதுவும் ஒரு சுருதி சேர்த்தல்தானே? இறுக்கினால் அறும், தளர்த்தினால் ஒலியாது.

ஆகவே அன்பர்களே, நம் கோரிக்கை ஒன்று. உங்கள் இல்லத்தில் வாசிப்பாரற்று நிற்கும் வீணையோ தம்புராவோ இருப்பின், அதன் உறையை நீக்கிப் பாருங்கள். பிரடை இறுகியிருந்தால் வலிந்து திருகாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். பிரடையிலேயே சீராகுமாயின் மிக நன்று. ஆகாதாயின் பற்சக்கர ஆணி பூட்டத் தயங்காதீர்கள். அடுத்த ஆண்டுவிழாவுக்குள் நம் குடியிருப்பின் வீணைகள் யாவையேனும் ஐந்து ஒரே சுருதியில் ஒலிக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றோம். மாடகம் என்னும் சொல்லை அகராதியிற் தேடும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். பிரடை என்னும் சொல்லையும் நம் பேரப்பிள்ளைகள் அங்கே தேடும்படி விட்டுவிடலாகாது.

வாழ்க தமிழ்! வளர்க இசை!